மனைவி எதுவும் சொல்வதில்லையா?

கேள்வி: ஜெருசலேமில், மணமானவர்கள் யூத வேதமான தோராவைப் படிக்கும் கோலெல் ஒன்றில் படிக்கிறேன். வயது 27. யூத நாட்காட்டியின் எலூல் மாதம் தொடங்கி, பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர் வரை உள்ள 40 நாளில், யூதச் சட்ட நூலான தல்மூத்தின் யோமா பகுதியை முடித்துவிட ஆசை. காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் உட்காருகிறேன். வீடு திரும்பும்போது மகன் தூங்கியிருப்பான். மனைவி எதுவும் சொல்வதில்லை. இந்தப் பருவத்தை இன்னும் நன்றாகப் பயன்படுத்த என்ன வழி?

பதில்: எலூல் நெருங்கினாலே இப்படி ஒரு கடிதம் வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தாள், எந்த உரை என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், தம்பி. ஹவ்ருதாவை, அதாவது சேர்ந்து படிக்கும் துணையை, நடுவில் மாற்றாதீர்கள். படிப்பைப் பற்றி நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

"மனைவி எதுவும் சொல்வதில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதைப் பேசுவோம்.

தல்மூத்தின் கெதுபோத் பகுதியில் 62-ஆம் தாளை நீங்கள் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். ராவா என்ற ஆசிரியரிடம் படித்த ரவ் ரெஹூமி, ஆண்டுக்கு ஒருமுறை, யோம் கிப்பூருக்கு முந்தின நாள்தான் வீட்டுக்கு வருவார். ஓர் ஆண்டு பாடத்தில் மூழ்கிப்போய் வரவில்லை. 'இதோ வருவார், இதோ வருவார்' என்று காத்திருந்த மனைவியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதே நேரம் ரவ் ரெஹூமி உட்கார்ந்திருந்த கூரை இடிந்து, அவர் இறந்துபோனார். அவர் ஊர் சுற்றப் போகவில்லை, படித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெண்ணும் அவரிடம் ஒரு குறையும் சொன்னதாக அங்கே இல்லை.

தல்மூத்தின் பெரிய அறிஞர் ரபி அகிவா 24 ஆண்டு வீட்டைவிட்டு இருந்தாரே என்பீர்கள். சரி. 12 ஆண்டு முடிந்து அவர் ஊர் திரும்பியபோது, 'இன்னும் 12 ஆண்டு படித்தாலும் எனக்குச் சம்மதம்' என்று மனைவி யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்புறம்தான் மறுபடி கிளம்பினார். உங்கள் மனைவியின் வாயிலிருந்து அப்படி எதையாவது கேட்டீர்களா? பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது உங்கள் வசதிக்காக. கணவனின் படிப்பைத் தாங்குகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பதுகூடவா பாரம்?

யோமாவின் 85-ஆம் தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான பாவத்தை யோம் கிப்பூர் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பாவத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது. நீங்கள் போகும் வேகத்துக்கு அந்தத் தாள் வர 39-ஆம் நாள் ஆகிவிடும். அவ்வளவு நாள் தள்ளிப்போடாதீர்கள்.

வாரத்தில் மூன்று இரவாவது படிப்பை விட்டுவிட்டு, மகன் விழித்திருக்கும்போதே வீட்டுக்குப் போங்கள். அவன் படுக்கையில் உட்கார்ந்து, ஷெமா என்ற வேத வரிகளைச் சொல்லிக்கொடுங்கள். 'வீட்டில் இருக்கும்போதும், படுக்கும்போதும்' பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்வது அந்த ஷெமாதான். ஒரு தகப்பனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக நான் நம்பவில்லை. யோமாவில் பத்துத் தாள் மிச்சமானால் குளிர்காலப் பருவத்தில் படித்துக்கொள்ளலாம்.

அவன் தூங்கியபின் மனைவியிடம் கேளுங்கள். அவர் உடனே பேசமாட்டார். புத்தகத்தைத் திறக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.