இஸ்கியா தீவு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இத்தாலியில், நேப்பிள்ஸ் வளைகுடாவில் உள்ள வெந்நீர் ஊற்றுத் தீவு இஸ்கியா. அங்கே போகத் திட்டமிடுபவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

நேப்பிள்ஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா?

முடியும். பெவரெல்லோ துறையிலிருந்து விரைவுப் படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். படகு நேரத்தைப் பார்த்துக்கொண்டே வெந்நீரில் உட்கார்ந்தால் என்ன சுகம்? இரண்டு இரவாவது தங்குங்கள்.

வெந்நீர் எப்படி வருகிறது? எரிமலை பயம் உண்டா?

தீவே எரிமலைதான். கடைசியாக வெடித்தது 1302-இல். மழைநீரும் கடல்நீரும் பாறை வெடிப்புகளில் இறங்கி, அடியில் உள்ள வெப்பத்தில் சூடேறி மேலே வருகின்றன. நிலநடுக்கமும் அங்கே புதிதல்ல. 1883-இல் காசமிச்சோலா ஊரே இடிந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

காசு கொடுக்காமல் வெந்நீரில் குளிக்க இடம் இருக்கிறதா?

இருக்கிறது, சோர்ஜெத்தோ. தீவிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம். பான்சா ஊரிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கரையோரப் பாறைகளுக்கு நடுவே வெந்நீர் ஊறிக் கடலில் கலக்கிறது. கற்களை அடுக்கித் தொட்டி மாதிரி கட்டி வைத்திருப்பார்கள். ஊற்றுக்கண் பக்கம் காலை வைத்தால் சுரீரென்று சுடும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் இதமான சூடு. ஓர் அலை வந்து எல்லாவற்றையும் குளிர வைத்துவிட்டுப் போகும், பிறகு அடியிலிருந்து மெல்ல மறுபடி சூடேறும். ரப்பர் செருப்பு அவசியம். கடல் கொந்தளிக்கும் நாளில் இறங்கவே கூடாது. பாறைச் சரிவு அபாயத்தால் சில சமயம் பாதையை மூடுவதும் உண்டு, விடுதியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, ரத்த அழுத்தமும் உண்டு. கூட்டிப் போகலாமா?

முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் கூட்டிப் போங்கள். ஆனால் சோர்ஜெத்தோ வேண்டாம், அந்தப் படிகள் முழங்காலுக்கு ஆகாது. ஃபோரியோவில் உள்ள போசைடன் பூங்காவுக்குப் போங்கள். 28 முதல் 40 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் குளங்கள் இருக்கின்றன. குறைந்த சூட்டில் தொடங்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்து, தண்ணீர் குடித்து ஓய்வெடுக்க வேண்டும். தலைக்குக் குளியல் தொப்பி கட்டாயம். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும், மே அல்லது செப்டம்பர் நல்ல மாதங்கள்.

குளியல் தவிர வேறு என்ன பார்க்கலாம்?

ஒரே ஒன்று என்றால் எப்போமேயோ மலை. 789 மீட்டர். ஃபொன்தானா வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தால் உச்சி. வளைகுடா முழுக்கத் தெரியும். நேரம் இருந்தால் கடலுக்குள் பாறைமேல் நிற்கும் அரகோனீஸ் கோட்டை.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தீவின் பேர்போன உணவு முயல்கறி என்றாலும் நீங்கள் பட்டினி கிடக்க வேண்டாம். மரினாரா பிட்சா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். கத்தரிக்காய் வைத்துச் செய்யும் பார்மிஜானாவும் நன்றாக இருக்கும். அதில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.