பழைய இம்பாலாவை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றுகிறேன். போல்ட் ஓட்டை பொருந்தினால் எந்த ஃபிளைவீலும் போடலாமா?

கேட்டவரிடம் இருப்பது 1964 செவ்ரோலெட் இம்பாலா, 283 வி8 எஞ்சின் (283 கன அங்குலம்). இரண்டு கியர் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு நான்கு கியர் மன்சி மேனுவல் கியர்பாக்ஸ் மாட்டப் போகிறார். எஞ்சினின் சுற்றும் தண்டான கிராங்க்கின் பின்முனையில் மாட்டும் கனமான சக்கரம்தான் ஃபிளைவீல். அதன் போல்ட் ஓட்டை கிராங்க்கில் பொருந்தினால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

போதாது. இதே பேச்சை நம்பி நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா வண்டியும் இதே ஆண்டு, இதே எஞ்சின். பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக்குள் பல வருடம் நின்றது. மன்சி கியர்பாக்ஸும், அதை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் என்ற கூடும் கிடைத்தன, ஃபிளைவீல் மட்டும் கிடைக்கவில்லை. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் மச்சான் அங்கே ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி, விமானத்தில் கொண்டுவந்தார். பதின்மூன்று பதினான்கு கிலோ கனம். அவருடைய பெட்டிக் கணக்கில் பாதி அதற்கே போய்விட்டது. ஆறு போல்ட்டும் அப்படியே இறங்கின. விளிம்பில் ஸ்டார்ட்டர் பிடிக்கும் பல்வளையமான ரிங் கியரில் பல் எண்ணிக்கை சரி, ஸ்டார்ட்டர் சுத்தமாகப் பிடித்தது, கிளட்ச்சும் நன்றாக விட்டது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் நாங்குநேரி ரோட்டில் போனோம். ரெட்டியார்பட்டி தாண்டி வேகம் எடுத்ததும் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தது. அவ்வளவு அதிர்வு. மூன்றடைப்புப் பக்கம் ஓரங்கட்டி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். நின்ற இடத்திலும் அதே நடுக்கம். ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல் பழி போட முடியாது. கிளட்ச்சை மிதித்தும் பார்த்தேன், குறையவில்லை, கியர்பாக்ஸும் தப்பித்தது. மிச்சம் இருந்தது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் சாமான்தான். பழைய ஆட்டோமேட்டிக்கில் இந்த எஞ்சின் பட்டுப்போல ஓடியது, புதிதாக வந்தது ஃபிளைவீலும், அதன் மேல் கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் மட்டுமே.

கழற்றிப் பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த அண்ணாச்சி நடு ஓட்டையில் ஒரு தண்டைச் செருகி, மட்டம் பார்த்து வைத்த இரண்டு கம்பிகள் மேல் ஃபிளைவீலை விட்டார். அது தானாக உருண்டு ஒரு இடத்தில் நின்றது. திருப்பி வைத்தார், மறுபடி அதே இடம் கீழே வந்தது. "தம்பி, ஒரு பக்கம் கனமா இருக்குல்லா, இது உங்க எஞ்சினுக்குச் செஞ்சது இல்ல" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். அது செவ்ரோலெட் 400 எஞ்சினின் ஃபிளைவீல். 283-இல் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3 அங்குலம்தான். பிஸ்டன், ராடு கனத்துக்கு ஈடான எதிர்எடை முழுவதும் கிராங்க்கிலேயே இருக்கிறது. 400-இல் ஸ்ட்ரோக் 3.75 அங்குலம். அவ்வளவு எதிர்எடைக்கு உள்ளே இடம் இல்லாததால் ஒரு பங்கை முன்னால் கிராங்க் முனையில் இருக்கும் டாம்பரிலும் பின்னால் ஃபிளைவீலிலும் வைத்துவிட்டார்கள். ஆனால் போல்ட் வட்டம் (ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) இரண்டுக்கும் ஒன்றுதான், 3.58 அங்குலம். அதனால் தவறான ஃபிளைவீல் மறுப்பே சொல்லாமல் உட்காரும். சுற்றும்போதுதான் தெரியும், அதற்குள் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் அடி வாங்க ஆரம்பித்திருக்கும். (எங்களுக்குச் சீக்கிரம் கழற்றியதால் பேரிங் தப்பியது.) 1986-க்கு அப்புறம் வந்த 305, 350 எஞ்சின்களின் ஃபிளைவீல் இந்த விதத்தில் பரவாயில்லை: அதன் போல்ட் வட்டம் 3 அங்குலம், உங்கள் கிராங்க்கில் உட்காரவே உட்காராது.

ஆகவே முதலில் எஞ்சின் உண்மையிலேயே 283 தானா என்று பாருங்கள். நம் ஊரில் இந்த வயதுள்ள வண்டிகளில் எஞ்சின் மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிளாக்கின் பின்பக்கம், இடது ஹெட்டுக்குப் பின்னால் வார்ப்பு எண் இருக்கும். 283 என்று உறுதியானால் இருபக்கமும் சமகனமான ஃபிளைவீல் வேண்டும். பழையது வாங்கினால், காசு கொடுப்பதற்கு முன்பே அந்த இரண்டு கம்பிச் சோதனையைச் செய்துவிடுங்கள். முகம் தேய்ந்திருந்தால் லேத்தில் லேசாக முகம் எடுக்கலாம். வெடிப்பு தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். உடைந்து பறக்கும் ஃபிளைவீல் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது பல். செவ்ரோலெட் சிறிய வி8-க்கு இரண்டு அளவு உண்டு. 153 பல் உள்ளது 12.75 அங்குலம், 168 பல் உள்ளது 14 அங்குலம். இப்போது வண்டியில் இருக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் பிளேட்டில் (ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீலுக்குப் பதில் இருக்கும் தகடு) ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் வைத்து எண்ணுங்கள். அதே எண்ணிக்கையில் ஃபிளைவீல் கிடைத்தால் ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டாம். மாறினால் ஸ்டார்ட்டரின் மூக்கும் மாற வேண்டும்: 153-க்கு இரண்டு போல்ட்டும் நேர்வரிசையில், 168-க்குக் கோணலாக. பிளாக்கில் அந்த ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய பிளாக் சிலவற்றில் ஒரு வகைக்கு மட்டும்தான் போட்டிருப்பார்கள். சிறிய பெல் ஹவுசிங்குக்குள் 14 அங்குலம் போகாது.

எனக்கு விருப்பம் 168 பல், 11 அங்குலக் கிளட்ச். இவ்வளவு கனமான வண்டியை வண்ணாரப்பேட்டை நெரிசலிலும் டவுன் ரத வீதியிலும் நின்று நின்று எடுக்க, கனத்த ஃபிளைவீல்தான் சுகம். லேசானது போட்டால் எடுக்கும்போது எஞ்சின் எளிதில் நின்று போகும். கிளட்ச் பிளேட் வாங்கும்போது ஸ்ப்லைனை, அதாவது கியர்பாக்ஸ் தண்டு நுழையும் நடு ஓட்டையின் பள்ளங்களை, எண்ணிக்கொள்ளுங்கள். பழைய மன்சிக்கு 10, 1971 முதல் வந்தவற்றுக்கு 26.

ஃபிளெக்ஸ் பிளேட் போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். அவை குட்டை, மெல்லிய தகட்டுக்காகச் செய்தவை. ஃபிளைவீலுக்கு உரிய நீளமான போல்ட் வாங்கி, எதிரெதிராக 60 அடி-பவுண்டுக்கு முறுக்குங்கள். ஆட்டோமேட்டிக் கிராங்க்கில், கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் இருக்காது. அதையும் அடித்து இறக்க வேண்டும், ஓட்டை சரியான அளவுக்குக் கடைந்திருக்கிறதா என்று முன்னதாகவே அளந்துவிடுங்கள். பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் விலகல் ஐந்து தௌவுக்குள் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள்) இருக்க வேண்டும். பெடல், லிங்கேஜ், கிராஸ் மெம்பர் எல்லாம் நல்ல மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது முறை நாங்கள் போட்டது சமகனமான 168 பல். பிரஷர் பிளேட்டையும் சேர்த்துக் கோயம்புத்தூரில் பேலன்ஸ் செய்து வாங்கினோம். அதே நாங்குநேரி ரோட்டில் கண்ணாடி அசையவில்லை.

வார்ப்பு எண்ணையும் பல் எண்ணிக்கையையும் கீழே எழுதுங்கள். ஸ்டார்ட்டர் எது வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.