சொந்த ஊருக்கு மட்டும் டிவி கட்: வாசகர் கேள்வி பதில்

கே: சார், 2010ல ஃப்ளோரிடால டாம்பாவுக்கு வேலைக்கு வந்தேன். ஆபீஸ்ல எல்லாரும் லோக்கல் ஃபுட்பால் டீம் பத்தியே பேசுவாங்க, சரி நாமளும் கத்துக்கிட்டா லஞ்ச் டேபிள்ல முழிக்காம இருக்கலாமேன்னு ஞாயித்துக்கிழமை டிவிய போட்டா அந்த மேட்ச் மட்டும் வராது. அவங்க வெளியூர் போய் ஆடினா வருது, நம்ம ஊர்லயே ஆடினா வரல. கேட்டா "அது ப்ளாக்அவுட் பா"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. இன்னிக்கு வரைக்கும் புரியல, என்ன கணக்கு இது? (டாம்பா வாசகர்)

ப: நீங்க கத்துக்க போன வருஷம் அப்படி சார். 2010 சீசன்ல டாம்பா பே பக்கனியர்ஸ் 16 மேட்ச்ல 10 ஜெயிச்சாங்க, நல்ல சீசன்தான், ஆனா உள்ளூர்ல ஆடின 8 மேட்ச்ல ஒண்ணு கூட உள்ளூர் டிவில வரல. கணக்கு இதுதான்: என்எஃப்எல்னு அமெரிக்கன் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல) நடத்தற லீக், அதோட அப்ப இருந்த ரூல்படி மேட்சுக்கு 72 மணி நேரம் முன்னாடி ஸ்டேடியம் டிக்கெட் மொத்தமும் வித்துத் தீரணும். தீரலன்னா ஸ்டேடியத்த சுத்தி 75 மைலுக்குள்ள, அதாவது சுமார் 120 கிலோமீட்டருக்குள்ள சிக்னல் எட்டற எந்த ஸ்டேஷனும் அந்த மேட்ச காட்டக்கூடாது. வீட்ல சோஃபால சாஞ்சுகிட்டு ஓசில பாக்க முடிஞ்சா எவன் காசு குடுத்து வெயில்ல வந்து உக்காருவான்ங்கற பயம்தான், வேற பெரிய தத்துவம் எல்லாம் கிடையாது. அப்ப அமெரிக்கால வேலைவாய்ப்பு படுத்துக் கிடந்த நேரம், அதுலயும் ஃப்ளோரிடால வீட்டுக் கடன் கட்ட முடியாம தவிச்சவங்க எக்கச்சக்கம், அவங்கள பாத்து "டிக்கெட் வாங்கல இல்ல, அப்ப டிவியும் கிடையாது"ன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு.

கே: அந்த பயத்துக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா, இல்ல சும்மா முதலாளிங்க கற்பனையா? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: இருக்கு, அத மறைக்கக்கூடாது. 1950ல லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் டீம் துணிஞ்சு தன்னோட உள்ளூர் மேட்ச் எல்லாத்தையும் டிவில விட்டாங்க. அட்மிரல்னு ஒரு டிவி செட் கம்பெனிதான் ஸ்பான்சர், கூட்டம் குறைஞ்சா நஷ்டத்த நாங்க குடுக்கறோம்னு வேற எழுதிக் குடுத்துச்சு. கூட்டம் கிட்டத்தட்ட பாதியா விழுந்துச்சு, கம்பெனி பணத்த எண்ணி வெச்சுது. அடுத்த வருஷமே ராம்ஸ் பழையபடி உள்ளூர் ஒளிபரப்ப நிறுத்துனாங்க, கூட்டம் திரும்பி வந்துச்சு, அந்த 1951ல சாம்பியன்ஷிப்பும் அடிச்சாங்க. அப்ப லீக் கமிஷனரா இருந்த பெர்ட் பெல்லுக்கு இது போதும், அதுக்கப்புறம் யார் என்ன சொன்னாலும் அசையல. அந்த காலத்துல டீமுக்கு வருமானமே கேட்ல வசூலாகற காசுதான், அதனால அவர் பயம் நியாயமாதான் இருந்துச்சுன்னு நான் சொல்வேன். (மனுஷன் 1959ல ஃபிலடெல்ஃபியால ஒரு மேட்ச் நடந்துகிட்டு இருக்கும்போதே ஸ்டேடியத்துல நெஞ்சு வலி வந்து இறந்தாரு. நேர்ல வந்து பாக்கணும்ங்கறதுல அவருக்கு அவ்ளோ நம்பிக்கை.)

கே: சுதந்திர சந்தைன்னு மூச்சுக்கு முன்னூறு தடவ சொல்ற நாட்ல இது எப்படி சட்டப்படி செல்லுச்சு? (மதுரை சட்டக் கல்லூரி மாணவி)

ப: நல்ல கேள்வி மா. அரசாங்கமே லீக் மேல கேஸ் போட்டுச்சு. 1953ல ஃபிலடெல்ஃபியா ஃபெடரல் கோர்ட்ல ஜட்ஜ் ஆலன் கிரிம் பாதிக்குப் பாதி தீர்ப்பு குடுத்தாரு, ஒரு டீம் சொந்த ஊர்ல ஆடற அன்னிக்கு அந்த ஊர்ல டிவிய தடுக்கலாம், மத்த நாள்ல தடுக்கக்கூடாதுன்னு. அப்புறம் 1961ல எல்லா டீமும் சேந்து சிபிஎஸ் டிவிகிட்ட ஒரே ஒப்பந்தமா உரிமைய வித்தப்போ அதே ஜட்ஜ் "இது கூட்டு சேந்து போட்டிய ஒழிக்கற வேலை"ன்னு அடிச்சுப் போட்டாரு. லீக் நேரா வாஷிங்டன் போச்சு, அதே வருஷம் கென்னடி கையெழுத்து போட்டு தனிச் சட்டமே வந்துடுச்சு: சேந்து விக்கலாம், உள்ளூர் மேட்ச் அன்னிக்கு உள்ளூர்ல மறைக்கலாம். சந்தை சுதந்திரமாதான் இருக்கு, செல்வாக்கு இருக்கறவனுக்கு.

கே: நியூ ஜெர்சில எங்க பக்கத்து வீட்ல ஒரு பெரியவர், எண்பது தாண்டியாச்சு. சின்ன வயசுல மேட்ச் பாக்கறதுக்காக அப்பாவோட கார்ல கனெக்டிகட் போய் மோட்டல்ல ரூம் போட்டு பாத்தோம்னு சொல்றாரு. நான் நம்பல. கதை விடறாரா? (நியூ ஜெர்சி வாசகி)

ப: நம்புங்க, அவர் சொல்றது அப்படியே நிஜம். இதுலதான் எனக்கு வயித்தெரிச்சலே. டிக்கெட் விக்கலன்னா மறைக்கறதுங்கறது பின்னாடி வந்த ரூல். 1973க்கு முன்னாடி ஸ்டேடியம் நிரம்பி வழிஞ்சாலும் உள்ளூர்ல காட்ட மாட்டாங்க! நியூயார்க் ஜயன்ட்ஸ் யாங்கி ஸ்டேடியத்துல ஆடின காலம் அது, சீசன் டிக்கெட் கைல இருக்கறவன் விட மாட்டான், புதுசா கேக்கறவனுக்கு கிடைக்காது, சரி டிவில பாக்கலாம்னா ஊர் முழுக்க இருட்டு. காசு இருந்தாலும் பாக்க வழியில்ல. அதனால ஞாயித்துக்கிழமை காலைல குடும்பம் குடும்பமா, ஃப்ரெண்ட்ஸ் குரூப் குரூப்பா வடக்கால கார விட்டு, 75 மைல் கோட்டுக்கிட்ட கனெக்டிகட்ல ஹார்ட்ஃபோர்ட் ஸ்டேஷன் சிக்னல் பிடிக்கற இடமா பாத்து மோட்டல்ல இறங்குவாங்க. மோட்டல்காரங்களுக்கு சரியான யாவாரம். மொட்டை மாடில உயரமா ஆன்டெனா கட்டி, ஜயன்ட்ஸ் மேட்ச் பாக்கலாம்னு சொல்லியே ரூம் வித்தாங்க, ஒரே ரூம்ல பத்து பேர் கட்டில்லயும் தரையிலயும் உக்காந்து சாண்ட்விச்சும் பீருமா மேட்சோட கடைசி கால் பகுதி வரைக்கும் பாத்துட்டு ராத்திரி வீடு திரும்புவாங்க. போக முடியாதவங்க வீட்டுக் கூரைல பெரிய ஆன்டெனாவ ஹார்ட்ஃபோர்ட் பக்கம் திருப்பி வெச்சு, புள்ளி புள்ளியா தெரியற படத்த பாத்துகிட்டு இருந்தாங்க.

1958 டிசம்பர் 28ல அதே யாங்கி ஸ்டேடியத்துல பால்டிமோர் கோல்ட்ஸும் ஜயன்ட்ஸும் ஆடின ஃபைனல, எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போனத, இதுவரை நடந்ததுலயே பெஸ்ட் மேட்ச்னு இன்னிக்கும் சொல்வாங்க. நாடு முழுக்க நாலு கோடி பேருக்கு மேல டிவில பாத்தாங்கன்னு கணக்கு, நியூயார்க்காரன் தவிர! 1962 ஃபைனலும் அங்கயேன்னு வரும்போது ரசிகர்கள் சிலர் கோர்ட்டுக்கே போனாங்க, ஜட்ஜ் ப்ளாக்அவுட்ட தடுக்க முடியாதுன்னுட்டாரு. அந்த டிசம்பர்ல பேய்க்காத்து, எலும்ப உருக்கற குளிரு, கிரீன் பே டீம் ஜயன்ட்ஸ 16-7ன்னு ஜெயிச்சாங்க, நியூயார்க் ஜனங்க பாதி பேர் கனெக்டிகட் மோட்டல்ல. பெரியவர் எந்த மேட்ச் பாத்தாருன்னு கேட்டு எழுதுங்க, எனக்கும் ஆசையா இருக்கு.

கே: சூப்பர் பவுலையுமா மறைச்சாங்க? (சிங்கப்பூர் வாசகர்)

ப: ஆமாங்க, சீசனோட பெரிய ஃபைனலையேதான். 1967 ஜனவரில முதல் சூப்பர் பவுல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்துல, ரெண்டு பெரிய சேனல் ஒரே நேரத்துல காட்டுச்சு, லாஸ் ஏஞ்சலஸ்ல மட்டும் கிடையாது. அவ்ளோ பண்ணியும் முப்பதாயிரம் சீட் போல காலியா கிடந்துச்சு. 1973ல அதே கொலிசியத்துல ஏழாவது சூப்பர் பவுல் நடந்தப்போதான் முதல் முறையா நடக்கற ஊருக்கே லைவ் காட்டினாங்க.

கே: இத யார் மாத்தினது? (வேலூர் வாசகர்)

ப: நிக்சன்னு சொன்னா சிரிப்பீங்க. வாஷிங்டன் டீமோட வெறி பிடிச்ச ரசிகர் அவரு. 1972 டிசம்பர்ல வாஷிங்டன் பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்றுக்கு போனாங்க, ஸ்டேடியம் ஃபுல், வழக்கம் போல ஊருக்கு டிவி கிடையாது. அட்டர்னி ஜெனரல் க்ளெய்ன்டியன்ஸ்ட் மூலமா கமிஷனர் பீட் ரோசெல்கிட்ட பிளேஆஃப்புக்காவது திறந்து விடுங்கன்னு கேட்டுப் பாத்தாங்க, ரோசெல் முடியாதுன்னுட்டாரு. ஒரு நாட்டு ஜனாதிபதிக்கே "டிவி கிடையாது"ன்னு சொன்னவர் தைரியத்த பாராட்டணும், ஆனா வாஷிங்டன்ல டிவி பாக்க முடியாம எரிஞ்சுகிட்டு இருந்தது நிக்சன் மட்டுமில்ல, சட்டம் போடற அத்தன எம்பிங்களும்தான். 1973 செப்டம்பர்ல சீசன் ஆரம்பிக்க சரியா முன்னாடி அவசர அவசரமா சட்டம் பாஸ் ஆச்சு: 72 மணி நேரம் முன்னாடி டிக்கெட் தீந்துடுச்சுன்னா மறைக்கக்கூடாது. வேற எந்த மசோதாவாவது இவ்ளோ வேகமா போயிருக்கா என்ன. அந்த சட்டம் 1975 கடைசில காலாவதி ஆயிடுச்சு, ஆனா லீக் அதே ரூல தானாவே வெச்சுகிட்டாங்க, மீறினா திரும்ப சட்டம் வரும்னு தெரியும். அதுக்கப்புறம் லீக்கோட புலம்பல் வேற: டிக்கெட் வாங்கிட்டு வராம வீட்லயே உக்காந்துட்டாங்க, பார்க்கிங் காசு போச்சு, ஹாட் டாக் விக்கலன்னு வராதவங்கள எண்ணி எண்ணி கணக்கு சொன்னாங்க.

கே: ஜாக்சன்வில் ஸ்டேடியத்துல சீட்டு மேல துணி போத்தி வெச்சிருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். மழைக்கா? (அட்லாண்டா வாசகர்)

ப: மழைக்கு இல்ல, ரூலுக்கு! 2005ல அந்த ஊர் டீம் ஜாகுவார்ஸ் ஏறக்குறைய பத்தாயிரம் சீட்ட தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க. மூடின சீட்டு விக்கற சீட்டே இல்ல, அப்ப "எல்லாம் தீந்துடுச்சு"ன்னு சீக்கிரம் சொல்லலாம் இல்லையா. ஓக்லண்ட்லயும் பின்னாடி இதே வேல பண்ணாங்க. இன்னொரு வழியும் இருந்துச்சு. டிக்கெட் காசுல 34 சதவீதம் லீக் பொதுப் பங்குக்கு போகும், மீதி உள்ளூர் டீமுக்கு. அதனால மிச்சம் இருக்கற டிக்கெட்ட டீமே வாங்கிக்கிட்டா டாலருக்கு 34 சென்ட்தான் செலவு. ஒவ்வொரு வாரமும் வியாழக்கிழமை மதியம் ஒரு மணி ஆச்சுன்னா உள்ளூர் நியூஸ்ல இதுதான் நாடகம், இன்னும் இத்தன டிக்கெட் பாக்கி, லீக் ஒரு நாள் டைம் நீட்டிச்சிருக்கு, ஏதோ சூப்பர் மார்க்கெட் மொத்தமா வாங்கி ராணுவக் குடும்பங்களுக்கு குடுக்கப் போகுதுன்னு. 2014 ஜனவரில பிளேஆஃப்புக்கே இந்த நிலைமை, கிரீன் பே, சின்சினாட்டி, இண்டியானாபொலிஸ் மூணு ஊர்லயும் கடைசி நேரத்துல கம்பெனிங்க உள்ள புகுந்துதான் காப்பாத்துச்சு. கிரீன் பேல சீசன் டிக்கெட்டுக்கு வருஷக்கணக்கா வெயிட்டிங் லிஸ்ட், அங்கயே இப்படி.

கே: லண்டன்ல இருக்கேன். சனிக்கிழமை மூணு மணி ஆர்சனல் மேட்ச எனக்கு டிவில காட்ட மாட்டாங்க, சென்னைல என் தம்பி பாத்துட்டு ஸ்கோர் மெசேஜ் போடறான். இதுவும் அதே ரூலா? (லண்டன் வாசகர்)

ப: அண்ணன் தம்பி ரூல்னு வெச்சுக்கலாம், உங்களையும் உங்க தம்பியையும் மாதிரி. உங்க ஊர்ல அது ஊருக்கு ஊர் இல்ல, நாட்டுக்கே பொது: சனிக்கிழமை 2.45ல இருந்து 5.15 வரைக்கும் லைவ் ஃபுட்பால் (இது நம்ம கால்பந்து) கிடையாது. 1960கள்ல பர்ன்லி கிளப் சேர்மன் பாப் லார்ட் பிடிவாதமா நின்னு கொண்டு வந்தது. பெரிய கிளப் மேட்ச் டிவில ஓடினா குட்டிக் குட்டி டிவிஷன் கிளப்புக்கு யாரும் போக மாட்டாங்கன்னு வாதம். இது என்எஃப்எல் ரூல விட யோக்கியமான ரூல்தான், ஏன்னா பணக்காரன் தன் கல்லாப் பெட்டிய காப்பாத்திக்கறதுக்கு இல்ல, சின்னவன காப்பாத்தறதுக்கு. தம்பிய மேட்ச் நேரத்துல ஃபோன ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

கே: ஐயோவால இருக்கேன், எந்த பேஸ்பால் மேட்சும் ஆப்ல வரல. (ஐயோவா வாசகி)

ப: உங்க ஸ்டேட்ல பெரிய லீக் டீம் ஒண்ணு கூட இல்ல, ஆனா ஆறு டீம் "ஐயோவா என் ஏரியா"ன்னு உரிமை கொண்டாடுது மா. அது லோக்கல் கேபிள் சேனல காப்பாத்தற ப்ளாக்அவுட், டிக்கெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பேர் மட்டும்தான் ஒண்ணு.

கே: இப்ப என்எஃப்எல்ல இது இருக்கா இல்லையா? (திருச்சி வாசகர்)

ப: நடைமுறைல இல்ல. லீக் மறைச்சத கேபிளும் சாட்டிலைட்டும் காட்டக்கூடாதுன்னு 1975ல இருந்து எஃப்சிசி, அதாவது அங்கத்திய தொலைத்தொடர்பு ஆணையம், காவல் நின்னுச்சு. 2014 செப்டம்பர் 30ல ஆணையத்தோட அஞ்சு உறுப்பினர்களும் ஒரே மனசா ஓட்டு போட்டு அத தூக்கிட்டாங்க. அவங்க சொன்ன கணக்கு: 1975ல கிட்டத்தட்ட 60 சதவீத மேட்ச் உள்ளூர்ல இருட்டு, 2013ல ரெண்டே ரெண்டு மேட்ச். எஃப்சிசி விலகினாலும் லீக் தன் ஒப்பந்தத்த வெச்சே மறைச்சிருக்கலாம், ஆனா 2015 மார்ச்ல டீம் ஓனர்ங்களே ஓட்டு போட்டு நிறுத்தி வெச்சாங்க, அதோட சரி. பெருந்தன்மைன்னு நினைக்காதீங்க. டிவி ஒப்பந்தம் 2021ல நூறு பில்லியன் டாலர தாண்டிடுச்சு, அதுக்கு முன்னாடி நாலு காலி சீட்டு எம்மாத்திரம். பெர்ட் பெல் காலத்துல கேட் காசு பெருசு, டிவி சில்லறை. இப்ப தலைகீழ். அந்த தலைகீழ் எப்பவோ நடந்து முடிஞ்சிருந்தும் இருபது வருஷத்துக்கு மேல ரூல விடாம பிடிச்சுகிட்டு இருந்தாங்க பாருங்க, அதுக்குதான் மன்னிப்பே கிடையாது.

இப்ப இன்னும் வேடிக்கை. 2024 ஜனவரி 13, கேன்சஸ் சிட்டில மயாமி டால்ஃபின்ஸோட பிளேஆஃப், மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். நாடு முழுக்க பீகாக் ஆப்புக்கு காசு கட்டினவங்களுக்கு மட்டும்தான் மேட்ச். ஓசில சாதா டிவில வந்தது ரெண்டே ஊர்ல: கேன்சஸ் சிட்டி, மயாமி.