பெட்டியில் வளர்ந்த புறா பறக்குமா?

கேள்வி: என் பையன் மொட்டை மாடியில் ஹோமர் புறா (தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் வகை) வளர்க்கிறான். இடமில்லாமல் இரண்டு குஞ்சுகளைச் சின்னப் பெட்டியிலேயே வைத்திருந்தான். இறக்கையை விரிக்கக்கூட முடியாது. "இதுங்க இனிமே பறக்காது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிஜமா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: பறக்கும்மா, பையனைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 1939இல் ஜெர்மனியில் குரோமான் என்பவர் புறாக் குஞ்சுகளை இறக்கை அடிக்க முடியாத ஒடுக்கமான குழாய்க்குள் வளர்த்துப் பார்த்தார். வெளியே விட்டதும், சும்மா வளர்ந்த குஞ்சுகள் மாதிரியே பறந்தன. இறக்கை அடிக்கிற வித்தை பிறவியிலேயே வந்துவிடுகிறது.

அதற்காக நாளைக்கே திறந்து விட்டுவிடாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்தபோது நான் அந்தத் தப்பைச் செய்தேன். சாம்பல் நிறக் குஞ்சு, ஜம்மென்று கிளம்பியது. இறங்கத்தான் தெரியவில்லை. மூன்று சுற்று சுற்றிவிட்டு, எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் விளிம்புக்கு ஒரு முழம் முன்னாலேயே காலை நீட்டி, நெஞ்சால் மோதி, கேபிள் ஒயரில் போய் விழுந்தது. தூரத்தைக் கணக்குப் போட கண் பழகவில்லை.

கண் பழகுவது என்றால் வெறுமனே பார்ப்பது இல்லை. 1963இல் அமெரிக்காவில் ஹெல்ட், ஹைன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாகக் கோடு போட்ட உருளைக்குள் விட்டார்கள். ஒன்று நடக்கும், அது இழுக்கிற தொட்டிலில் இன்னொன்று உட்கார்ந்தபடி சுற்றிவரும். இரண்டும் பார்த்தது ஒரே காட்சி. நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது, சவாரி போன குட்டிக்குப் பள்ளமும் மேடும் ஒன்றுதான். பிறகு வெளிச்சத்தில் இரண்டு நாள் ஓடியாட விட்டதும் அதுவும் தேறிவிட்டது.

ஆகவே, பெரிய கம்பிவலைக் கூண்டாகப் பார்த்து மாடியில் வையுங்கள். உயரம் மாற்றி மாற்றி இரண்டு குச்சி கட்டுங்கள், தாவிப் பழகட்டும். சுற்றுப்புறத்தையும் வானத்தையும் ஒரு பத்து நாள் பார்க்கட்டும். வீடு திரும்ப அதுவும் வேண்டும். காத்தாடி விடுகிற சீசனில் மட்டும் திறக்காதீர்கள். மாஞ்சா நூல் எந்தப் புறாவுக்கும் கண்ணில் படாது.

திறப்பது சாயங்காலம், தீனி போடுவதற்கு முன்னால். கம்பு டப்பாவை இப்போதிருந்தே வேளா வேளைக்கு ஆட்டிவிட்டுத் தீனி போடச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டுத்தான் இறங்கும்.