உயிரி எரிபொருளை மட்டும் நம்பி ஒரு ஊர் தன் எரிபொருள் தேவையைத் தானே பார்த்துக்கொள்ள முடியுமா?

சாணம், பயிர், கழிவு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிபொருளைத்தான் உயிரி எரிபொருள் என்கிறோம். அடுப்புக்கும், தண்ணீர் சூடாக்குவது மாதிரியான வெப்பத் தேவைக்கும் பெருமளவு முடியும். ஆனால் ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும், எல்லா விளக்குக்கும் இதுவே போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பல வருடங்களாக ஒரு சாண எரிவாயுக் கலனை நானே கரைத்து, ஊற்றி, பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கணக்குப் போட வேண்டும். ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு கிடைக்கும். நாலைந்து பேர் உள்ள வீட்டின் சமையலுக்கு நாளுக்கு 2 கன மீட்டர் வரை தேவைப்படும். அதாவது ஐந்து மாடுகள், 50 கிலோ சாணம், அதைக் கரைக்க ஏறக்குறைய அதே அளவு தண்ணீர். கோடையில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கலன் கட்டும்போது பலரும் யோசிப்பதில்லை.

மாடு குறைவாக இருந்தால் சமையலறைக் கழிவைச் சேர்க்கலாம். கிலோவுக்கு வாயுவும் அதிகம் வரும். அந்த ஆசையில்தான் ஒருமுறை நான்கைந்து நாள் தொடர்ந்து கழிவை அள்ளிக் கொட்டினேன். உள்ளே இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். கழிவை அமிலமாக்கும் கூட்டம் வேகமாக வேலை செய்யும், அந்த அமிலத்தை எரியும் வாயுவான மீத்தேனாக்கும் கூட்டம் மெதுவாகத்தான் செய்யும். அமிலம் ஏறி, கலன் புளித்துவிட்டது. வாயு வந்தது, ஆனால் பற்றவில்லை. பெரும்பகுதி கரியமில வாயு. கழிவு போடுவதை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்பும் புதுச் சாணக் கரைசலும் விட்டுக் காத்திருந்தேன். பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. மாட்டுக்குத் தீனி மாற்றுவது போலத்தான் இதற்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

என் அனுபவத்தில் ஒரு உயிரி எரிபொருள் திட்டம் பிழைக்குமா என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்: மூலப்பொருள் ஏற்கெனவே ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறதா, இல்லை தேடிப் போய்ச் சேர்க்க வேண்டுமா? தொழுவத்துச் சாணம், ஆலையில் மிஞ்சும் சக்கை, உணவகங்களில் பயன்படுத்திய எண்ணெய் எல்லாம் முதல் வகை. கரும்பு எத்தனால் பிரேசிலில் நிலைத்ததற்குச் சக்கையும் ஒரு பெரிய காரணம். ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் அதை எரித்தே கிடைத்துவிடுகின்றன. வயலில் பரந்து கிடக்கும் வைக்கோல் இரண்டாம் வகை. எடை குறைவு, இடம் அதிகம். வெகுதூரம் ஏற்றிப் போனால் வண்டி குடிக்கும் டீசலே லாபத்தைத் தின்றுவிடும்.

காட்டாமணக்கை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. அதன் விதை எண்ணெயை டீசலுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்பதால், 2000களில் பல நாடுகளில் தரிசு நிலத்தில் நட்டால் டீசல் காய்க்கும் என்று விவசாயிகளுக்கு ஆசை காட்டினார்கள். தண்ணீர் இல்லாமல் அந்தச் செடி உயிரோடு இருக்கும் என்பது உண்மை. தண்ணீர் இல்லாமல் நன்றாகக் காய்க்காது என்பதும் உண்மை. நம்பி நட்ட பலர் சில வருடங்களில் பிடுங்கிப் போட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

மின்சாரம்தான் வேண்டும் என்றால் சூரியத் தகடு நல்லது. விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத் தகடு மின்சாரமாக்கும். பயிர்கள் பொதுவாக நூற்றில் ஒன்றிரண்டு பங்கைக்கூடச் சேமிப்பதில்லை. ஆனால் ராத்திரியிலும் மழை நாளிலும் தீ வேண்டும்போது, சேமித்து வைத்த வாயு கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்து இருப்பதே என் விருப்பம்.

ஊர் அளவில் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் சுமார் 750 பேர் வாழும் யூண்டே கிராமம் 2005ல் சாணத்தையும் பயிர்களையும் கொண்டு ஒரு உயிரிவாயு நிலையத்தைத் தொடங்கியது. அதில் மின்சாரம் எடுக்கும்போது வரும் சூட்டை வீணாக்காமல் வெந்நீர்க் குழாய் வழியாகப் பெரும்பாலான வீடுகளுக்கு அனுப்பினார்கள். குளிர் கூடிய மாதங்களுக்கு மரச்சில்லு கொதிகலன். கூட்டுறவாக நடத்தியதால் ஊர்க்காரர்களே அதன் உரிமையாளர்களாக இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். பொதுக் கலன் கட்டிவிட்டு, அதை யார் தினமும் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்யாததால் வறண்டு கிடப்பவற்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இரண்டு விஷயம். வாயு கசியவே கூடாது. 100 வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி மாதம் ஒருமுறை பாருங்கள். இன்னொன்று, வெளியே வரும் கரைசல். சாணத்தில் இருந்த தழைச்சத்து பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கலன் கட்டுவதற்கு முன்பே அது போய்ச் சேரப்போகும் வயல் எது என்று முடிவு செய்துவிடுங்கள்.