ஜேம்ஸ் கன்: அறிவியல் புனைகதையைப் பாடமாக்கிய ஆங்கிலப் பேராசிரியர் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஜேம்ஸ் கன் (1923–2020) அறிவியல் புனைகதை எழுதினார், அதன் வரலாற்றையும் எழுதினார், வகுப்பிலும் நடத்தினார். அவரைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கன் முதலில் எழுத்தாளரா, பேராசிரியரா?

எழுத்தாளர். கடற்படையில் மூன்றாண்டு இருந்துவிட்டு 1947இல் இதழியல் பட்டம் பெற்றார். 1949இல் ‘எட்வின் ஜேம்ஸ்’ என்ற புனைபெயரில் அவர் கதைகள் அச்சேறின. ஆங்கில முதுகலை 1951இல். அதற்கு அவர் எடுத்த ஆய்வுப் பொருளே அறிவியல் புனைகதைதான். அந்த ஆய்வேட்டின் பகுதிகள் ‘டைனமிக் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற மலிவு விலைக் கதை இதழில் வெளிவந்தன. கல்லூரிக்காக எழுதிய ஆய்வைக் கதை வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள்! பிற்பாடு அவர் எழுதிய விமர்சனம் எல்லாவற்றிலும் அந்தத் தெளிவு உண்டு.

பிறகு நெடுங்காலம் அதே பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுப் பிரிவிலும் மக்கள் தொடர்புப் பிரிவிலும் வேலை. முழுநேர ஆங்கில ஆசிரியரானது 1970இல், பேராசிரியரானது 1974இல், ஓய்வு 1993இல்.

சார், முனைவர் பட்டம் இல்லாமலே பேராசிரியர் ஆனாராமே? இன்று அது நடக்குமா?

ஆனார். முதுகலையோடு சரி. ஆனால் அதை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதவி உயர்வுக்கு முன்பே அவர் பெயரில் பல நூல்கள் இருந்தன. 1971–72இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

அவருடைய நண்பர் ஜாக் வில்லியம்சன் போன பாதைதான் இன்றைய விதிகளுக்குப் பொருந்தும். முதல் கதை 1928இல் அச்சானவர், 1964இல், 56 வயதில், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் வாங்கினார். நியூ மெக்சிகோவின் போர்ட்டாலெஸ் நகரில் 1977 வரை பாடம் நடத்தினார். இவரும் கன்னும் சேர்ந்து எழுதிய ‘ஸ்டார் பிரிட்ஜ்’ 1955இல் வந்தது.

முதுகலை ஆங்கிலம் படிக்கிறேன். கன்னின் ‘தி இம்மார்ட்டல்ஸ்’ நாவலை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஆண்டில். சாகாமை தரும் ரத்தத்தைப் பற்றிய இந்த நூல் 1962இல் வந்தது என்று எழுதிவிட்டு அறுபதுகளின் அமெரிக்க மருத்துவச் சூழலோடு பொருத்துவதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை. நாவலின் முதல் பகுதி 1955இலேயே ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழில் வந்துவிட்டது. மற்ற பகுதிகளும் நூலுக்கு முன்பே வெளிவந்தவையே. போதாததற்கு, 2004இல் புதிய பகுதி ஒன்று சேர்த்து மறுபதிப்பு வந்தது. உங்கள் கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, இணையத்தில் உள்ள ஊக புனைகதைத் தரவுத்தளத்தில் (ISFDB) தலைப்பைத் தேடுங்கள். ஒவ்வொரு பகுதியும் எந்த இதழில், எந்த மாதம் வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். பழைய இதழ்களில் பல இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) வருடிய (ஸ்கேன் செய்த) கோப்புகளாக உள்ளன. இதழ் வடிவத்தையும் நூல் வடிவத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, நீக்கியது, சேர்த்தது, மாற்றியது என மூன்று நெடுவரிசைகளில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்கம் ஒப்பிட்டாலே ஓர் அத்தியாயத்துக்குப் பொருள் சேர்ந்துவிடும். மேற்கோள் தரும்போது இரண்டு ஆண்டுகளையும் கொடுங்கள்.

அந்தக் கதை 1969இல் தொலைக்காட்சிப் படமாகி, 1970–71இல் தொடராகவும் வந்தது. ஆய்வேட்டில் அதைத் தொடாதீர்கள். பக்கங்களைத் தின்றுவிடும்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். டாம் காட்வினின் ‘தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்’ கதையை கன் உரைகல் என்கிறார். என் மாணவர்களோ ‘கதையே ஓட்டை’ என்கிறார்கள். என்ன செய்வது?

நல்ல மாணவர்கள். அந்த எதிர்ப்பை அடக்காதீர்கள், வரிசைப்படுத்துங்கள்.

1954இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்த கதை. வேற்றுக் கிரகத்தில் காய்ச்சலில் கிடக்கும் ஆறு பேருக்கு மருந்து கொண்டுபோகும் சிறு கலம். எரிபொருள் கச்சிதமாக அளந்து ஊற்றப்பட்டது. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் அதில் ஒளிந்துகொள்கிறாள். பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்பது அவள் நினைப்பு. அவள் எடையோடு கலத்தால் இறங்க முடியாது.

கன் சொல்வது இதுதான்: பிற கதைகளில் பழகிய வாசகர் கடைசி நிமிடத்தில் யாராவது காப்பாற்றுவார்கள் என்று காத்திருப்பார், இங்கே இயற்பியல் விதிக்கு இரக்கம் கிடையாது, அதைப் புரிந்துகொள்ளாதவருக்கு இந்த வகை இலக்கியமே பிடிபடாது. இதழாசிரியர் ஜான் கேம்பெல் இந்தக் கதையைப் பலமுறை திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். காட்வின் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணைப் பிழைக்கவைத்துக்கொண்டே இருந்தாராம்.

இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள். முதல் வகுப்பில் பாதிவரை வாசித்து நிறுத்தி, முடிவை ஆளுக்கு ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் மீட்பு முடிவுகளே வரும். கன் சொன்ன வாசிப்புப் பழக்கம் அவர்கள் கையெழுத்திலேயே தெரியும். இரண்டாம் வகுப்பில் மீதியை முடித்து, கலத்திலிருந்து வெளியே எறியக்கூடியவற்றைப் பட்டியலிடச் சொல்லுங்கள். இருக்கை வரும், அலமாரிக் கதவு வரும். அப்போது கேளுங்கள்: கதவுக்கு ஏன் பூட்டு இல்லை? எரிபொருளில் ஏன் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை? அது இயற்பியலா, நிர்வாகத்தின் முடிவா?

வரிசை முக்கியம். பட்டியலை முதல் நாளே போட்டால் வகுப்பு புதிர் விடுவிக்கும் கூடமாகிவிடும், கதையின் பாரம் யாருக்கும் இறங்காது. என் கருத்தில் கன் விதியின் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டார். அந்தப் பெண்ணைக் கொல்வது சூத்திரம் மட்டுமல்ல, அந்த அளவை எழுதிய அலுவலகமும்தான். ஆனாலும் அவர் வழியில் ஒருமுறை வாசிக்காமல் ‘நிர்வாகத்தின் முடிவா’ என்ற கேள்விக்கு வந்துசேர முடியாது.

சிறுகதைகளைக் கோத்து நாவலாக்குவது அவர் பாணியாமே? நானும் முயல்கிறேன். ஒட்ட மாட்டேன் என்கிறது.

ஆமாம். ‘தி ஜாய் மேக்கர்ஸ்’, ‘தி இம்மார்ட்டல்ஸ்’, ‘தி லிசனர்ஸ்’ எல்லாம் அப்படி வந்தவையே. காரணம் வருமானம். நாவலாக எழுதினால் ஒருமுறை விற்கலாம், குறுநாவல்களாக எழுதினால் இதழுக்கு ஒருமுறை, நூலாக மறுமுறை. அமெரிக்க அறிவியல் புனைகதை விருதுகளின் கணக்கில் 17,500 சொல் முதல் 40,000 சொல் வரை குறுநாவல், அதற்குக் கீழே 7,500 வரை நெடுங்கதை. ஒரு பகுதியை இந்த அளவுகளில் வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒவ்வொரு பகுதியும் இதழ் வாசகருக்காக அடிப்படைச் செய்தியைத் திரும்ப விளக்கும். நூலில் முதல் விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். இரண்டாவது, பாத்திரங்கள் மாறிக்கொண்டே போவதால் பிடிமானம் இருக்காது. ‘தி இம்மார்ட்டல்ஸ்’ நாவலில், சாகாமை தரும் ரத்தம் உடைய ஒருவரையும் அவர் வழிவந்தோரையும் தேடும் வேட்டை எல்லாப் பகுதிகளையும் கட்டுகிறது. ‘தி லிசனர்ஸ்’ நாவலில் ஒரே குடும்பத்தின் தலைமுறைகளும், அத்தியாயங்களுக்கு இடையே கணினி தொகுத்ததுபோல் வரும் மேற்கோள் பகுதிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் கதைகளில் மாறாமல் நிற்பது எது என்று தேடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் தொகுப்பாகவே விடுங்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

‘தி லிசனர்ஸ்’ அறிவியல்படி சரியா?

அடிப்படை சரி. 1972 நாவல். கபெல்லா விண்மீனிலிருந்து செய்தி வருகிறது. பதில் போய் மறுமொழி வர ஏறக்குறைய 90 ஆண்டு காத்திருக்க வேண்டும். கபெல்லா நிஜத்தில் சுமார் 43 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, ஆகவே கணக்கு நெருக்கமே. அந்தக் காத்திருப்புதான் கதை. துடிப்புகளையும் மௌனங்களையும் கட்டங்களில் அடுக்கிப் படமாக்கும் முறை நிஜத்திலும் உண்டு: 1974இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து விண்வெளிக்கு அனுப்பிய செய்தியில் 1679 இரும இலக்கங்கள் (0 அல்லது 1). 23ஐயும் 73ஐயும் பெருக்கினால் வரும் எண். இரண்டும் பகா எண்கள் என்பதால் 23க்கு 73 அல்லது 73க்கு 23 என்பதைத் தவிர செவ்வகமாக அடுக்க வேறு வழி கிடையாது.

அவர் தொகுத்த ‘தி ரோடு டு சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ ஆறு தொகுதியும் வாங்க வசதியில்லை. எது போதும்?

மூன்றாவது. எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் காலத்திலிருந்து எழுபதுகள்வரை. கூட ஒன்று முடியுமானால் முதலாவது (1977). பழைய கில்காமேஷ் காவியம் தொடங்கி வெல்ஸ் வரை போகும், அதன் முன்னுரையில்தான் கன்னின் வரையறை இருக்கிறது: மாற்றம் மனிதர்களை என்ன செய்கிறது என்று பார்க்கும் இலக்கியக் கிளை. கதைகளுக்கு முன் வரும் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். வகுப்பில் அவர் பேசியது அங்கேதான் கிடைக்கும்.

அவர் எடுத்த படங்கள்?

எழுத்தாளர்களைப் பேசவைத்து அவர் ஒரு படவரிசை எடுத்தார். ஒன்று பாருங்கள்: கேம்பெல், ஹாரி ஹாரிசன், கார்டன் டிக்சன் மூவரும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதைக்கு வடிவம் கொடுக்கிறார்கள். கேம்பெல் 1971இல் இறந்துவிட்டார். மேசையில் பிறந்த அந்தக் கதையை மற்ற இருவரும் பிறகு நாவலாக எழுதி முடித்தார்கள்.