டிகான்டர் கேக்கில் ஈரம் இறங்கவில்லையா? நொதியைச் சேர்க்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கிறோம். டிகான்டரில் (திடத்தையும் திரவத்தையும் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ்) வரும் வெட் கேக் 70% ஈரத்துக்குக் கீழே இறங்கவில்லை. டிரையர் நீராவியைக் குடிக்கிறது. ஸ்பென்ட் வாஷ் (ஆல்கஹால் பிரிந்தபின் மிஞ்சும் கலவை) தொட்டியில் நாரைச் சிதைக்கும் சைலனேஸ் நொதியை ஊற்றியும் பலனில்லை. ஏன்?

பதில்: ஊற்றிய இடம்தான் தவறு. இந்த வேலைக்கு வரும் சைலனேஸ், செல்லுலேஸ் நொதிகள் பெரும்பாலும் 50–60 டிகிரிக்கு ஏற்றவை. வடிகலத்தின் அடியிலிருந்து வரும் ஸ்பென்ட் வாஷின் சூட்டில் சீக்கிரமே செத்துவிடும். தப்பினாலும், டிகான்டருக்குப் போகும்முன் வேலை செய்ய நேரமில்லை. லிக்விஃபேக்‌ஷனில் (மாவுச்சத்தைக் கரைக்கும் கட்டத்தில்) 85 டிகிரி. அங்கேயும் அதே கதை.

ஃபெர்மென்டரை நிரப்பத் தொடங்கும்போதே சேர்த்துவிடுங்கள். 32 டிகிரியில் நொதி மெதுவாகத்தான் ஓடும். ஆனால் 50–60 மணி நேரம் கிடைக்கிறது, பிஎச் 4–5 என்பதும் அதற்கு ஒத்துப்போகும். மக்காச்சோளத் தவிட்டின் நார்ப்பொருளான அராபினோசைலன் தண்ணீரைத் தனக்குள் பிடித்துவைக்கிறது. சென்ட்ரிஃப்யூஜ் துகள்களுக்கு இடையிலுள்ள நீரைப் பிரிக்குமே தவிர, நாருக்குள் இருப்பதை அல்ல. நொதி அந்தப் பிடியைத் தளர்த்துகிறது.

லாபம் எவ்வளவு? கேக்கில் 1 டன் உலர்பொருள் இருந்தால், 70% ஈரத்தில் தண்ணீர் 2,333 கிலோ; 66 சதவீதத்தில் 1,941. மிச்சமாகும் 390 கிலோ எங்கும் மறைந்துவிடாது, தின் ஸ்லாப்பில் (டிகான்டரில் கேக்கிலிருந்து பிரியும் திரவம்) சேர்ந்து எவாப்பரேட்டருக்குப் போகும். அங்கே ஒரு கிலோ நீராவி பல கிலோ நீரை விரட்டும். டிரையரில் ஒரு கிலோ நீருக்கே ஒரு கிலோவுக்கு மேல் நீராவி போகும். ஆதாயம் இந்த வித்தியாசத்தில்தான். நொதியின் விலையை இதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வாங்கும்முன் ஒரு சோதனை. ஒரே மாஷை (புளிக்கவைக்கும் மாவுக் கலவை) இரண்டு குடுவைகளில் எடுங்கள். ஒன்றில் நொதி, மற்றதில் அதே அளவு கொதிக்கவைத்துக் கொன்ற நொதி. புளிப்பு முடிந்ததும் இரண்டிலும் ஆல்கஹாலைக் காய்ச்சி விரட்டி, ஒரே வேகத்தில் பத்து நிமிடம் சுழற்றி, மேல்நீரைச் சாய்த்துவிட்டு, அடிக்கேக்கை 105 டிகிரி ஓவனில் எடை நிலைக்கும்வரை உலர்த்துங்கள். மும்முறை செய்தும் வித்தியாசம் நிலைக்காவிட்டால் அந்த நொதி வேண்டாம்.

அதற்கும் முன், டிகான்டரையே பாருங்கள். அதற்குள் தேங்கும் திரவக் குளம் ஆழமாக இருந்தால் திரவம் தெளியும், கேக் நனையும். கேக்கைத் தள்ளும் திருகான ஸ்க்ரோலுக்கும் உருளைக்கும் உள்ள வேக வித்தியாசத்தைச் சற்றுக் குறைத்தாலே ஈரம் இறங்கலாம். டார்க் (திருகு விசை) ஏறுகிறதா என்று கவனித்துக்கொண்டே குறைக்க வேண்டும். தேய்ந்த ஸ்க்ரோலை எந்த நொதியும் காப்பாற்றாது.

அளவு மீறினால் நார் பொடிந்து, தின் ஸ்லாப்பில் நுண்துகள் கூடும்; எவாப்பரேட்டர் குழாய்களில் படியும். நாரிலிருந்து விடுபடும் சைலோஸ் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது, ஆகவே எவாப்பரேட்டரில் கெட்டியாகும் சிரப் ஒட்டும், டிடிஜிஎஸ் (கேக்கையும் சிரப்பையும் உலர்த்திய கால்நடைத் தீவனம்) கறுக்கும். தினமும் தின் ஸ்லாப்பைச் சோதனைக் குழாயில் சுழற்றிப் பாருங்கள். அடிவண்டல் ஏறத் தொடங்கினால் நொதியைப் பாதியாக்குங்கள்.